ஒரு டாங்கி, இரண்டு பக்கங்கள்: 1/35 டி-34-85 மாடலில் வெதரிங் பயிற்சி

அலமாரியின் அடித்தட்டில் நெடுநாளாகக் கிடந்த, இரண்டாம் உலகப் போர்க்காலச் சோவியத் டாங்கியான டி-34-85இன் பிளாஸ்டிக் மாடல் ஒன்றை இந்த முறை முடித்துக் காட்சிக்கு வைப்பதற்காக எடுக்கவில்லை. வெதரிங், அதாவது வண்டி வெயிலும் மழையும் புழுதியும் தேய்மானமும் கண்டதுபோல் காட்டும் வேலையை, பூசிப் பார்த்து, கெடுத்துப் பார்த்து, அழித்துவிட்டு மீண்டும் பூசிப் பழகுவதற்காகவே எடுத்தேன். டரட்டின் (பீரங்கி பொருந்திய சுழலும் மேற்கூடு) மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் இடத்தில் இணைப்புக்கோடு இன்னும் தெரிகிறது. ஒரு மட்கார்டின் முனை உடைந்திருக்கிறது. கருவிப்பெட்டியின் கைப்பிடி ஒன்றைக் காணவில்லை. இனி இதற்கு இழக்க ஒன்றுமில்லை என்பதால், பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எனக்குக் கிடைத்திருக்காது.

ஒரு மாடலைக் கட்டி முடிக்க எனக்கு ஏறத்தாழ ஆறு வாரம் ஆகிறது. ஆறு வார உழைப்பின் மேல் இதுவரை செய்து பார்த்திராத ஒரு முறையை முயலும்போது கை தானாகவே பின்வாங்கிவிடும். விளைவாக, ஒவ்வொரு மாடலிலும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் செய்துகொண்டிருந்தேன்: மேலெங்கும் அடர்பழுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயின்ட்டை ஓடவிடுவது), விளிம்பெங்கும் வெளிர்நிற டிரைபிரஷ் (ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் தடவுவது), அடியில் கொஞ்சம் மண்தூள். பாடகர் கச்சேரிக்கு வெளியே சாதகம் செய்கிறார். மாடல் செய்பவர்கள் மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் நேராக மேடையேற வேண்டும் என்று யோசித்தபோதுதான் இந்தத் திட்டம் பிறந்தது.

வண்டியின் நடுவே, முன்தகட்டிலிருந்து பின்தகடு வரை, கற்பனையாக ஒரு கோடு போட்டுக்கொண்டேன். இடப்பக்கம் பழைய வழக்கத்துக்கும் புதிய சோதனைகளுக்கும் உரியது. அங்கே எதையும் செய்யலாம், எதுவும் வீணாகலாம். அங்கே கற்றதை மட்டும், ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, வலப்பக்கத்தில் செய்வது. வலப்பக்கத்துக்கு ஒரே ஒரு விதி வைத்தேன்: தூரிகை தொடுவதற்கு முன், அந்தக் கறை எதனால் வந்தது என்பதைக் காகிதத்தில் ஒரு வரியில் எழுத வேண்டும். மழையா, புழுதியா, பூட்ஸ் காலா, டீசலா, கைப்பிடியைப் பற்றிய கையா, பட்டை வாரியிறைத்த சேறா? காரணம் எழுத வராத இடத்தில் கறை வைக்கக் கூடாது.

வண்டித் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1943 பிப்ரவரிக்குப் பிந்தைய ஜெர்மானிய டாங்கிகளில் அடிவண்ணம் அடர்மஞ்சள். அதன்மேல் செம்பழுப்பும் ஒலிவ் பச்சையும் கொண்டு உருமறைப்புக் கோலங்கள் தெளிக்கப்பட்டன. பார்க்க அழகுதான், ஆனால் பயிற்சியில் அது ஏமாற்றும். மூன்று வண்ணங்களின் சந்தடியில் வெதரிங்கின் குறைகள் ஒளிந்துகொள்ளும். சோவியத் வண்டிகளோ பெரும்பாலும் 4பிஓ என்னும் ஒற்றைப் பச்சையில் இருந்தவை. மறைத்துக்கொள்ள வேறு வண்ணம் இல்லாததால், வைத்த ஒவ்வொரு கறையும் சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடும்.

அளவுக் கணக்கு

தூரிகையைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டேன், அதனால் பிறகு பலமுறை தப்பித்தேன். 1/35 என்பதன் பொருள், மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மை வண்டியில் 35 மில்லிமீட்டர். டி-34-85 ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலம். மாடலில் அது 86 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. 500 மில்லிமீட்டர் அகலமான சங்கிலிப்பட்டை 14 மில்லிமீட்டராகிறது. முன்தகட்டின் 45 மில்லிமீட்டர் கவசம் 1.3 மில்லிமீட்டர். பெரிய ஆள் ஒருவர் ஐந்து சென்டிமீட்டர் உயரம். இந்தக் கணக்கில், தூரிகை நுனியால் அலட்சியமாக வைத்த இரண்டு மில்லிமீட்டர் பெயின்ட் பெயர்ச்சி, உண்மையில் ஏழு சென்டிமீட்டர் அகலமான காயம். அத்தகைய காயம் ஒன்றிரண்டு இருக்கலாம்; ஒரு பக்கத்துக்கு நாற்பது இருக்க முடியாது. பழைய மாடல்களை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் பல வண்டிகள் கல்மழையில் நனைந்தவைபோல் இருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த 1/35 அளவே ஒரு விதத்தில் தற்செயலாக வந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியா தன் பாந்தர் டாங்கி மாடலை வடிவமைத்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கும்படி உடலின் பருமனை வைத்தது. அளந்து பார்த்தபோது அது ஏறக்குறைய 1/35 என்று வந்தது. அந்தப் பேட்டரியின் பருமன்தான் இன்று நான் எவ்வளவு சிறிய கீறல் வரைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அடிப்பூச்சும் பச்சையும்

மாடலை வெதுவெதுப்பான சோப்புநீரில் கழுவி உலரவிட்டு, லேக்கர் வகைச் சாம்பல் பிரைமரை இரண்டு மெல்லிய சுற்றுகளாக அடித்தேன். இந்த வேலையின்போது காற்றோட்டமும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி முகமூடியும் கட்டாயம் வேண்டும். சாதாரணத் துணிமுகமூடி ஆவியைத் தடுக்காது. பிரைமர் உலர்ந்ததும் கண்ணுக்குத் தப்பிய இணைப்புக்கோடுகள் வெளிப்பட்டன. வலப்பக்கத்துக் கோட்டை மட்டும் உப்புத்தாள் கொண்டு தேய்த்துச் சமப்படுத்தினேன். டரட்டை அதிகம் தேய்க்கவில்லை. உண்மையான டரட் வார்ப்பு எஃகு. அதன் சொரசொரப்பு வெதரிங்குக்குப் பெரிய துணை. பிரைமரைச் சற்றுக் கெட்டியாகக் கலந்து, பழைய தூரிகையால் குத்திக் குத்தி ஒற்றியதில் அந்தச் சொரசொரப்பு நன்றாகவே வந்தது.

பச்சைக்கு டாமியாவின் எக்ஸ்எஃப்-61 அடர்பச்சையை அடிப்படையாக எடுத்துக்கொண்டேன். தனியாகப் பூசினால் அது நீலம் கலந்த கருமையாகத் தெரிகிறது. அதிலும் சிறிய பொருளின் மேல் எந்த வண்ணமும் உண்மையைவிடக் கருத்தே தோன்றும். ஆகவே ஏழு பங்குக்கு மூன்று பங்கு எக்ஸ்எஃப்-60 அடர்மஞ்சள் கலந்து வெப்பம் கூட்டினேன். அதே நிறுவனத்தின் அக்ரிலிக் தின்னரைச் சம அளவு சேர்த்து, 0.3 மில்லிமீட்டர் நாசில் கொண்ட ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் கருவி), 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து அடித்தேன். பிறகு கலவையில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் சேர்த்து, வானத்தைப் பார்க்கும் தளங்களின் நடுவில் மட்டும் மேகம்போல் ஒரு மெல்லிய பூச்சு. வெயில் நேராக விழும் இடங்கள் வெளுக்கும் என்பதே இதற்குக் காரணம். தகட்டுக்குத் தகடு சட்டம் போட்டதுபோல் நடுவில் வெளுப்பும் ஓரத்தில் கருமையும் வைக்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். பின்னால் வரும் ஒவ்வொரு படிவும் வண்ணத்தைச் சற்றுக் கருமையாக்கும் என்பதால், இந்தக் கட்டத்தில் வண்டி கண்ணை உறுத்தும் அளவுக்கு வெளிறி இருப்பதே நல்லது.

பெயின்ட் பெயர்தல்

இங்கேதான் இடப்பக்கம் தன் கடமையைச் செய்தது. ஹேர்ஸ்பிரே முறையின் தத்துவம் எளிது. அடியில் உலோகம் அல்லது துருவின் நிறம். அதன்மேல் தண்ணீரில் கரையும் ஹேர்ஸ்பிரே. அதன்மேல் அக்ரிலிக் பச்சை. மேற்பரப்பைத் தண்ணீரால் நனைத்ததும் நீர் பச்சைப் பூச்சின் நுண்துளைகள் வழியே இறங்கி, நடுவிலுள்ள படலத்தை இளக்குகிறது. கடினமான தூரிகையால் தேய்த்தால் பச்சை பெயர்ந்து அடிநிறம் எட்டிப் பார்க்கிறது.

முதல் முயற்சியில் பச்சையை லேக்கர் தின்னரில் கலந்து அடித்து, இரவு முழுதும் உலரவிட்டேன். மறுநாள் காலை அரைமணி நேரம் தேய்த்தும் ஒன்றும் பெயரவில்லை. எரிச்சலில் அழுத்தித் தேய்த்தபோது பச்சை, பழுப்பு, பிரைமர் எல்லாம் சேர்ந்து போய் வெறும் பிளாஸ்டிக் தெரிந்தது. லேக்கர் தின்னர் டாமியா அக்ரிலிக்கை இறுகிய, உறுதியான படலமாக்கிவிடுகிறது. வேறு வேலைக்கு அது வரம், இந்த வேலைக்குத் தடை. இரண்டாம் முயற்சியில் ஹேர்ஸ்பிரேயைக் கேனிலிருந்து நேராகத் தாராளமாக அடித்தேன். இம்முறை தண்ணீர் பட்டதுமே, சுட்டுவிரல் நகம் அளவுக்குப் பச்சை தோலாக உரிந்து வந்தது. நகத்தின் அகலத்தை அளந்தேன்: பத்து மில்லிமீட்டர், அதாவது உண்மை வண்டியில் 35 சென்டிமீட்டர். அப்படிப் பெயின்ட் உரியும் டாங்கியை நான் எந்தப் போர்க்காலப் படத்திலும் கண்டதில்லை.

மூன்றாம் முறை ஹேர்ஸ்பிரேயை ஒரு சிறு குப்பியில் இறக்கி, ஏர்பிரஷால் இரண்டு மெல்லிய பூச்சு கொடுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து, அக்ரிலிக் தின்னரில் கலந்த பச்சையை மெலிதாக அடித்தேன். மேலும் இருபது நிமிடம் கழித்துத் தண்ணீர். இப்போது முடிதேய்ந்த பழைய தூரிகையின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகக் கீறுவது தெரிந்தது. பல்குச்சியின் நுனி ஒரு தலைமுடி அகலத்துக்குக் கோடு போட்டது. பூச்சின் தடிமனும் நேரமும் சேர்ந்துதான் இந்த முறை. ஹேர்ஸ்பிரே எந்தக் கம்பெனி என்பது அவ்வளவு முக்கியமில்லை.

வலப்பக்கத்துக்கு வந்தபோது காகிதத்தில் எழுதிய வரிகள் கையைக் கட்டுப்படுத்தின. சோவியத் காலாட்படையினர் டாங்கிகளின் மேல் ஏறியே போர்முனைக்குச் சென்றார்கள். அவர்கள் பற்றிக்கொள்வதற்காகவே டரட்டிலும் உடலிலும் கைப்பிடிக் கம்பிகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. ஆகவே கம்பிகளின் வெளிவளைவில் பெயின்ட் தேய்ந்திருக்கும், கம்பிக்குக் கீழே பூட்ஸ் உரசிய சிறு கீறல்கள் இருக்கும். ஓட்டுநரின் கதவு முன்தகட்டிலேயே இருப்பதால் அதன் கீழ்விளிம்பும் அதைச் சுற்றிய பகுதியும் அதிகம் தேயும். இயந்திர மேல்தளத்தில் பராமரிப்புக்காக ஆட்கள் ஏறி நிற்கிறார்கள். மெல்லிய தகட்டாலான மட்கார்டின் முன்முனை மரத்திலும் சுவரிலும் இடிபடும். இந்த நான்கு இடங்களில் கீறினேன். டரட்டின் பக்கச்சுவரின் நடுப்பகுதியில், எந்தக் காரணமும் எழுத வராததால், ஒன்றும் செய்யவில்லை. மொத்த வேலையிலும் அந்த வெற்றிடம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அடிநிறத்துக்கு நான் வெள்ளியைப் பயன்படுத்தவில்லை. தடித்த கவச எஃகில் பெயின்ட் போன இடம் விரைவிலேயே மங்கிய கரும்பழுப்பாகிவிடும். பளபளப்பு நிலைக்கும் இடம் தொடர்ந்து உரசல் படும் இடம் மட்டுமே. ஆரஞ்சுத் துருவையும் அதேபோல அடக்கியே வைத்தேன். போர்க்காலத்தில் பெரும்பாலான டி-34 வண்டிகள் ஆண்டுக்கணக்கில் மழையில் நிற்கும் அளவுக்கு வாழவில்லை. புகைபோக்கிக் குழாய்கள் மட்டும் விதிவிலக்கு: சூட்டில் பெயின்ட் கருகிப்போவதால் அங்கே துரு உண்மையாகவே செழிக்கும்.

உடைந்த தொங்கற்கரம்

வாஷ் போடும்போது ஒரு விபத்து நேர்ந்தது. இடப்பக்கத்தில் என் பழைய வழக்கப்படி, எனாமல் அடர்பழுப்பை ஒயிட் ஸ்பிரிட் என்னும் கரைப்பானில் நீர்க்கக் கரைத்து, சக்கரங்களுக்குப் பின்னால் அவற்றைத் தாங்கும் தொங்கற்கரங்கள் அமைந்த அடிப்பகுதியெங்கும் தாராளமாக ஓடவிட்டேன். ஒவ்வொரு சக்கரமும் தனி வில்லில் தாங்கப்படும் கிறிஸ்டி வகைத் தொங்கலமைப்பு என்பதால் பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள், ஐந்து கரங்கள். மறுநாள் வண்டியைத் தூக்கியபோது இரண்டாம் சக்கரம் கையோடு வந்தது. கரம் அதன் அச்சுக்கு அருகே கண்ணாடிபோல் நேர்த்தியாக முறிந்திருந்தது. பக்கத்துக் கரத்திலும், விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, தலைமுடி அளவு வெண்ணிற விரிசல்.

பிழை பொருளில் இல்லை, என் கையில்தான் இருந்தது. கட்டும்போது அந்தக் கரங்களைத் துளையில் இறுக்கமாக அழுத்திச் செருகியிருந்தேன். பிளாஸ்டிக் அங்கே நிரந்தரமாக இழுவிசையில் இருந்தது. பெயின்ட் எட்டாத பின்புறத்திலும் துளையின் உள்ளேயும் ஒயிட் ஸ்பிரிட் இறங்கி, ஆவியாக வழியின்றித் தேங்கி, இழுவிசையில் இருந்த பாலிஸ்டைரினை வெடிக்கச் செய்துவிட்டது. திறந்த சமதளத்தில் இதே வாஷ் எந்தத் தீங்கும் செய்வதில்லை, ஏனென்றால் அங்கே சில நிமிடங்களில் உலர்ந்துவிடுகிறது.

முறிந்த இரு முனைகளிலும் 0.8 மில்லிமீட்டர் துளையிட்டு, பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றைச் செருகி, சூப்பர்குளூவால் ஒட்டினேன். வலப்பக்கத்தில் முதலில் கரங்களின் வேர்ப்பகுதி முழுவதையும் அக்ரிலிக் வார்னிஷால் அடைத்துக் காயவைத்தேன். பிறகு வாஷை ஊற்றாமல், மெல்லிய தூரிகையின் நுனியால் போல்ட் தலைகளைச் சுற்றியும் மூலைகளிலும் மட்டும் தொட்டு வைத்தேன். தேங்கிய துளிகளை உடனே டிஷ்யூ தாளின் முனையால் உறிஞ்சி எடுத்தேன். இரண்டு வாரம் ஆகியும் விரிசல் இல்லை.

எனாமலையும் ஆயில் பெயின்ட்டையும் அக்ரிலிக்கின் மேல் தைரியமாகப் பயன்படுத்தலாம் என்பதன் காரணத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒயிட் ஸ்பிரிட் உலர்ந்த டாமியா அக்ரிலிக்கைக் கரைப்பதில்லை, ஆல்கஹால் கரைக்கும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், எதன்மேல் எதைப் பூசலாம் என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

ஆயில் பெயின்ட்

இந்தப் பயிற்சி முழுவதிலும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த கட்டம் இது. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் ட்யூபுகளையே எடுத்துக்கொண்டேன்: பர்ன்ட் அம்பர், ரா அம்பர், மஞ்சள் ஓக்கர், வெள்ளை, கொஞ்சம் கருநீலம். அட்டைப்பெட்டித் துண்டின் மேல் பட்டாணி அளவுக்குப் பிதுக்கி அரைமணி நேரம் விட்டால், அதிலுள்ள ஆளிவிதை எண்ணெயின் பெரும்பகுதியை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். சுற்றிலும் எண்ணெய் வட்டம் படர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இதைச் செய்யாவிட்டால் பெயின்ட் பளபளப்பாக உலரும், உலரவும் நாளாகும்.

வண்டி முழுவதையும் ஒரே முறையில் நனைக்காமல், தகடு தகடாக, சிறு சிறு புள்ளிகளாக ஆயில் பெயின்ட்டைக் கொண்டே வேலை செய்யும் முறையை அமெரிக்க மாடல் கலைஞர் மைக்கேல் ரினால்டி பரவலாக்கினார். அதைப் பின்பற்ற முயன்றேன். டரட்டின் மேல்விளிம்பில் ரா அம்பரில் குண்டூசித் தலையளவு புள்ளி ஒன்று. தட்டையான தூரிகையை ஒயிட் ஸ்பிரிட்டில் தோய்த்து, டிஷ்யூவில் நன்றாக ஒற்றி, அநேகமாக உலர்ந்த நிலையில், புள்ளியின் மேல் வைத்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. தூரிகை ஈரமாக இருந்தால் புள்ளி கரைந்து காணாமற் போகும். முற்றிலும் உலர்ந்திருந்தால் கோடு முரட்டுத்தனமாக நிற்கும். நடுநிலை கைக்கு வர இடப்பக்கத்தில் இரண்டு மாலைகள் ஆயின. புறங்கையில் தூரிகையை இழுத்துப் பார்த்து, தோல் குளிர்ந்தாலும் நனையாமல் இருந்தால் பதம் சரி என்று தெரிந்துகொண்டபின் தடுமாற்றம் நின்றது.

தடங்களின் திசைக்கும் காரணம் உண்டு. டரட்டின் பக்கச்சுவர்கள் சற்றே சாய்ந்து, உடலைவிடச் செங்குத்தாக நிற்பவை. அங்கே மழைநீர் நீண்ட மெல்லிய கோடாக வழியும். உடலின் மேற்பக்கச் சுவரோ நெட்டுக்கோட்டிலிருந்து 40 பாகை சாய்ந்தது. அந்தச் சாய்வில் புழுதி தங்கும்; நீர் வேகமாக வழியாமல், தங்கிய புழுதியைக் கீழ்விளிம்புவரை தள்ளி அங்கே ஒரு வெளிர் ஓரமாகப் படியவிடும். ஆகவே டரட்டில் கோடுகளும், உடலின் சாய்வில் ஓக்கரும் வெள்ளையும் கலந்த மங்கலான படலமும் வைத்தேன். அதுவரை தட்டையாக இருந்த பச்சை, இந்த இரண்டு வேறுபாடுகளால் மட்டுமே, கனமான எஃகாக மாறியது.

டீசல் கறை தனியாக வைக்கப்பட்டது. டி-34இன் வி-2 இயந்திரம் 12 சிலிண்டர் டீசல் இயந்திரம். பக்கவாட்டில் கூடுதல் எரிபொருள் உருளைகள் உண்டு. பெட்ரோல்போல் டீசல் உடனே பறந்துவிடாது. புழுதியைப் பிடித்துக்கொண்டு கருத்த ஈரமாகவே கிடக்கும். உருளையின் மூடியிலிருந்து கீழ்நோக்கி, பர்ன்ட் அம்பரும் ஒரு துளி பளபளப்பு வார்னிஷும் கலந்த ஒழுகல் ஒன்று மட்டும் வைத்தேன். அது ஒன்றே போதும்.

புழுதி, சேறு, சங்கிலிப்பட்டை

மண்நிறப் பிக்மென்ட் தூளை உலர்ந்த தூரிகையால் மூலைகளில் கொட்டி, ஒயிட் ஸ்பிரிட் துளியை அருகில் தொட்டால் அது தானாக ஊடுருவித் தூளைப் பிடித்துக்கொள்ளும். இடப்பக்கத்தில் இதைச் செய்தபின் மேலே மேட் வார்னிஷ் அடித்தேன். ஒரு மாலை முழுதும் அடுக்கிய புழுதி கண்முன்னே மறைந்துபோனது. வார்னிஷ் தூளின் துகள்களை நனைத்து, ஒளி ஊடுருவ வைத்துவிடுகிறது. அதனால் வலப்பக்கத்தில் மேட் வார்னிஷை ஆயில் வேலை காய்ந்ததுமே முடித்துவிட்டு, பிக்மென்ட்டைக் கடைசியாக வைத்தேன். அதன்மேல் எதையும் பூசவில்லை, இனி அந்தப் பக்கத்தைக் கையால் தொடுவதும் இல்லை.

சேற்றுக்குப் பிக்மென்ட், பிளாஸ்டர் தூள், அக்ரிலிக் ரெசின் மூன்றையும் குழைத்து மூன்று கலவைகள் செய்தேன். வெளிறிய உலர்ந்த சேறு முதலில், அகலமாக. அதன்மேல் சற்றுக் கருத்த ஈரச்சேறு, குறைவாக. இறுதியாகப் பளபளப்பான புதுச்சேறு, மிகச் சில இடங்களில். விறைப்பான தூரிகையைக் கலவையில் தோய்த்து, அதன்மேல் ஏர்பிரஷின் வெறுங்காற்றைச் செலுத்தினால் சேறு தெறிக்கும். முதலில் ஒரு காகிதத்தில் தெறிக்கவிட்டுத் துளிகளின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய துளி விழுந்தால் அளவு கெட்டுவிடும். பட்டை பின்பக்கமாகவே சேற்றை வாரி எறியும் என்பதால் பின்தகட்டின் இரு ஓரங்களிலும் அதிகம். சக்கரங்களுக்கு நடுவே உடலின் பக்கச்சுவரில் அதிகம். முன்தகட்டின் நடுவில் ஏறக்குறைய இல்லை.

பட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கரும்பழுப்பு அடிப்பூச்சு, மண் வாஷ், பிறகு தரையைத் தொடும் முகடுகளில் மட்டும் மென்மையான கிராஃபைட் பென்சில். டி-34இல் இயக்குச் சக்கரம் பின்னால் இருக்கிறது. அதன் உருளைகள் பட்டையின் உள்புறக் கொம்புகளைத் தள்ளியே வண்டியை நகர்த்துகின்றன. எனவே அந்தக் கொம்புகளின் பக்கங்களும் பளபளக்க வேண்டும். அதிகம் பேர் கவனிக்காத இடம், ஆனால் பார்த்துவிட்டால் கண் அங்கேயே நிற்கும்.

பழைய வழக்கத்துக்கும் நான் நியாயம் செய்ய வேண்டும். முழுமேனி வாஷும் டிரைபிரஷும் கொண்ட முறையை பெல்ஜிய மாடல் கலைஞர் ஃபிரான்சுவா வெர்லிண்டன் ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தார், நானும் அந்த வழியில்தான் வந்தேன். இடப்பக்கத்தின் தட்டையான தகடுகளில் அது அழுக்காகவும் பொதுவாகவும் தெரிந்தது. ஆனால் டரட்டின் வார்ப்புச் சொரசொரப்பில் வேறெந்த முறையும் தராத உயிர்ப்பைத் தந்தது. அந்த ஓர் இடத்துக்கு மட்டும், அடிப்பச்சையைவிட இரண்டு படி வெளிறிய பச்சையில் மிக மெல்லிய டிரைபிரஷை வலப்பக்கத்துக்கும் கொண்டுபோனேன்.

கறுப்பு வெள்ளைச் சோதனை

முடிவில் இரு பக்கங்களையும் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தேன். நாம் ஒப்பிடும் போர்க்காலப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. வண்ணத்தை நீக்கிவிட்டால் ஒளி–இருள் வேறுபாடு மட்டும் மிஞ்சும், பொய்யும் அங்கே வெளிப்பட்டுவிடும். இடப்பக்கம் எதிர்பார்த்தபடியே இருந்தது: விளிம்பெங்கும் வெள்ளைக்கோடு, நடுவெங்கும் ஒரே சாம்பல். ஆனால் வலப்பக்கத்திலும் ஒரு பிழை. வண்ணத்தில் பார்த்தபோது பொருத்தமாகத் தோன்றிய டரட், கறுப்பு வெள்ளையில் உடலைவிட இரண்டு படி கருத்துத் தனித்து நின்றது. போர்க்காலப் படங்களில் ஓடிவந்த வண்டியின் புழுதி பச்சையைவிட வெளிறித் தெரிகிறது. டரட்டின் மேல்தளத்திலும் மேல்மூடிகளைச் சுற்றியும் அது படிந்திருக்கிறது. நானோ புழுதி என்றாலே இடுப்புக்குக் கீழே என்று எண்ணிவிட்டேன்.

ஓக்கரும் வெள்ளையும் கலந்த ஆயில் பெயின்ட்டை டரட்டின் மேல்தளத்தில் புள்ளிகளாக வைத்து, வட்டத் தூரிகையால் தட்டித் தட்டிப் பரப்பினேன். தளபதியின் மேல்மூடிக்கு முன்னால், கை ஊன்றி ஏறும் இடத்தை மட்டும் துடைத்துப் பச்சையாக விட்டேன். மீண்டும் படம் எடுத்தபோது டரட் உடலோடு சேர்ந்துகொண்டது.

காகிதத்தில் வலப்பக்கத்துக்கு எழுதிய வரிகளை எண்ணினேன்: முப்பத்தொன்று. இடப்பக்கத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்கத் தொடங்கியிருக்கிறேன்; அக்ரிலிக் இளகி வருகிறது, அடியிலுள்ள லேக்கர் பிரைமர் அப்படியே நிற்கிறது. பித்தளைக் கம்பி வைத்த கரத்தையும் சற்று ஆட்டிப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது. அந்தப் பக்கம் அடுத்து, பச்சையின் மேல் பூசி மழையிலும் உரசலிலும் தேய்ந்த குளிர்கால வெண்பூச்சுக்கு.